பெரிய எண் பகா எண்ணா? எந்தச் சோதனையைக் கையில் எடுப்பது?

3215031751. இந்தப் பத்து இலக்க எண்ணைக் கொஞ்சம் பாருங்கள். ஒற்றைப்படை. 5இல் முடியவில்லை. இலக்கங்களைக் கூட்டினால் 28, அதனால் 3ஆல் வகுபடாது. 7, 11, 13 என்று வரிசையாக 149 வரை எந்தப் பகா எண்ணால் வகுத்தாலும் மீதி வந்துகொண்டே இருக்கும். நிரலாளர்கள் பெரிதும் நம்பும் மில்லர்–ராபின் சோதனையை 2, 3, 5, 7 என்ற நான்கு எண்களை வைத்துச் செய்து பார்த்தாலும் நான்கு முறையும் "பகா எண் போலத்தான் இருக்கிறது" என்றே பதில் வரும். ஆனால் அந்த எண் 151 × 751 × 28351. சுத்தமான பகு எண்.

"என்னிடம் ஒரு பெரிய எண் இருக்கிறது, அது பகா எண்ணா என்று எப்படிப் பார்ப்பது?" என்று கேட்பவர்கள் பல வகை. நிரல் போட்டிக்குத் தயாராகும் மாணவர், கல்லூரி செயல்திட்டத்துக்குக் குறியாக்கவியலை எடுத்துக்கொண்டவர், தன் செல்பேசி எண் பகா எண்ணா என்று ஆசையாகப் பார்ப்பவர். இவர்களுக்கு ஒரே பதிலைச் சொல்ல முடியாது. பகா எண் என்றால் 1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடுவது (இலங்கைப் பாடநூல்களில் முதன்மை எண்) என்ற வரையறை ஒன்றுதான். அதைச் சோதிக்கும் வழிகளோ ஏழெட்டு. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் கெட்டிக்காரன், இன்னோரிடத்தில் காலை வாரிவிடும்.

## முதலில் எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்

எண்ணின் நீளம் முதல் கேள்வி. 10 இலக்கம், 20 இலக்கம், 300 இலக்கம், 4 கோடி இலக்கம் ஆகியவை நான்கு தனித்தனி உலகங்கள். ஒரே ஒரு எண்ணா, லட்சக்கணக்கான எண்களா என்பதையும் இதோடு சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, "ஆம்" என்ற பதில் எவ்வளவு உறுதியாக வேண்டும்? இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். கீழே வரும் எல்லாச் சோதனைகளிலும், கணக்குப் பிசகாமல் செய்திருந்தால், "இது பகு எண்" என்ற பதில் நூற்றுக்கு நூறு உறுதி. அது மலிவாகவும் கிடைக்கும். விலை ஏறுவது "இது பகா எண்" என்ற பதிலுக்குத்தான். சில சோதனைகள் அதைச் சான்றோடு சொல்லும். சில, "அநேகமாக" என்ற சொல்லை ஒளித்துவைத்துக்கொண்டு சொல்லும்.

மூன்றாவது, பகு எண் என்றால் காரணிகளும் தெரிய வேண்டுமா? பகு எண் என்று அறிவதும் காரணியைக் கண்டுபிடிப்பதும் ஒரே வேலை என்றுதான் பள்ளியில் மனதில் பதிந்திருக்கிறது. பெரிய எண்களில் இவை இரண்டும் வானத்துக்கும் பூமிக்குமான தூரத்தில் இருக்கின்றன.

நான்காவது, எண்ணுக்கு ஏதாவது தனி உருவம் உண்டா? 2இன் அடுக்கிலிருந்து 1 குறைத்தது, 1 கூட்டியது போன்றவற்றுக்கு என்றே செய்த சோதனைகள் இருக்கின்றன.

ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை, ஆனால் கேட்டே ஆக வேண்டும்: இந்த எண் எங்கிருந்து வந்தது? நீங்களே குலுக்கி எடுத்ததா, முகம் தெரியாத ஒருவர் கொடுத்ததா?

## வகுத்துப் பார்த்தல்

எல்லோருக்கும் தெரிந்த வழி. எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். எதுவும் மீதியில்லாமல் வகுக்கவில்லை என்றால் அது பகா எண். "ஆம்" முழு உறுதி. "இல்லை" என்றால் காரணியும் கையோடு வந்துவிடும். வேறெந்தச் சோதனையிலும் இந்த இரண்டும் இவ்வளவு எளிதாகச் சேர்ந்து கிடைப்பதில்லை.

10 இலக்க எண்ணுக்கு வர்க்கமூலம் 1 லட்சத்தைத் தாண்டாது. 1 லட்சத்துக்குள் உள்ள பகா எண்கள் 9,592. கணினிக்கு இது கண் சிமிட்டும் வேலை. ஆகவே செல்பேசி எண்ணைப் பார்க்க விரும்புகிறவர் வேறெதையும் தேட வேண்டாம், இதுவே போதும். இந்தியச் செல்பேசி எண்களின் அளவில் சராசரியாக 23க்கு ஒன்று பகா எண்ணாக அமையும். 1, 3, 7, 9இல் முடிகிறவற்றை மட்டும் எடுத்தால் சுமார் 9க்கு ஒன்று. (சொந்த எண்ணை ஏதோ ஒரு இணையக் கணிப்பானில் போட்டுப் பார்க்காதீர்கள். உங்கள் கணினியிலேயே நான்கு வரி நிரல் எழுதினால் முடிந்துவிடும்.)

20 இலக்கத்துக்குப் போனால் வர்க்கமூலம் 1000 கோடியை நெருங்கும். அதற்குள் இருக்கும் பகா எண்கள் 45 கோடிக்கு மேல். முடியும், ஆனால் காத்திருக்க வேண்டும். 100 இலக்கம் என்றால்? நொடிக்கு 100 கோடி வகுத்தல் செய்யும் கணினி ஒற்றைப்படை எண்களால் மட்டும் வகுத்துப் பார்த்தாலும், தேவைப்படும் நொடிகளின் எண்ணிக்கையை எழுத 41 இலக்கம் வேண்டும். பேரண்டத்தின் வயதை நொடிகளில் எழுத 18 இலக்கம் போதும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. இந்த முறையில் பகு எண்கள் பெரும்பாலும் சீக்கிரம் மாட்டிக்கொள்ளும், பகா எண்கள்தான் கடைசி வரை ஓட வைக்கும். சிறிய எண்களில் சோதித்து "என் நிரல் வேகமாக இருக்கிறது" என்று நம்பி, ஒரு பெரிய பகா எண் வந்ததும் திணறுவது அதனால்தான். ஆனால் பெரிய எண்ணுக்கு இதைக் கைவிட்டுவிடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். எந்தப் பெரிய சோதனைக்கும் முன்னால் சில ஆயிரம் சிறிய பகா எண்களால் வகுத்துப் பார்த்துவிடுவது நல்ல பழக்கம். வருகிற எண்களில் பெரும்பகுதி வாசலிலேயே திரும்பிவிடும்.

## எரட்டோஸ்தனிஸ் சல்லடை

ஒரே ஒரு எண்ணைச் சோதிக்கச் சல்லடையைத் தூக்காதீர்கள். அது ஒரு எல்லைக்குள் இருக்கும் எல்லா எண்களையும் ஒரே வீச்சில் பிரித்துத் தருவதற்கானது. 1 கோடி வரை சலித்தால் 6,64,579 பகா எண்கள் கிடைக்கும். நினைவகத்தில் எண்ணுக்கு ஒரு பைட் ஒதுக்கினாலும் 10 எம்பிதான். "1 கோடிக்குள் இருக்கும் 2 லட்சம் எண்கள் தரப்படும், ஒவ்வொன்றும் பகா எண்ணா என்று சொல்" என்ற மாதிரிக் கேள்விக்கு இதை மிஞ்ச வேறில்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் அதன் மிகச் சிறிய காரணியைக் குறித்துவைத்துக்கொண்டால் காரணிப்படுத்தலும் இலவசமாக வந்துவிடும்.

செலவு நினைவகத்தில் ஒளிந்திருக்கிறது. 1000 கோடி வரை சலிக்க, எண்ணுக்கு ஒரு பிட் என்று சுருக்கினாலும் 1.25 ஜிபி வேண்டும். பெரிய எண்களாக இருந்தாலும் இடைவெளி குறுகியதாக இருந்தால் துண்டுச் சல்லடை உதவும்: 1 லட்சம் கோடிக்குப் பக்கத்தில் ஒரு லட்சம் எண்களைச் சலிக்க, 10 லட்சம் வரையுள்ள 78,498 பகா எண்கள் கையில் இருந்தால் போதும்.

## ஃபெர்மா சோதனை

1640இல் பியர் டி ஃபெர்மா ஒரு உண்மையை எழுதிவைத்தார். ஒரு பகா எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதனால் வகுபடாத ஏதாவது ஒரு எண்ணை, அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1. உதாரணமாக 2⁶ = 64; அதை 7ஆல் வகுத்தால் மீதி 1.

இதையே திருப்பிப் போட்டால் சோதனை. மீதி 1 வரவில்லையா, அது பகு எண்தான், சந்தேகமே இல்லை. அடுக்கு எவ்வளவு பெரிதானாலும் கவலை வேண்டாம். வர்க்கப்படுத்து, வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள், மறுபடி வர்க்கப்படுத்து என்று போனால் 100 இலக்க எண்ணுக்குச் சுமார் 330 வர்க்கங்களில் வேலை முடியும். வகுத்துப் பார்த்தலில் பேரண்டத்தின் வயது போதாத இடத்தில், இங்கே ஒரு நொடிகூட ஆகாது.

மீதி 1 வந்தால்? அங்கேதான் பள்ளம். 341ஐ எடுங்கள். 2¹⁰ = 1024 = 3 × 341 + 1. ஆகவே 2³⁴⁰ஐ 341ஆல் வகுத்தாலும் மீதி 1. ஆனால் 341 = 11 × 31. அடி எண்ணை, அதாவது அடுக்குக்கு உயர்த்தும் எண்ணை, 2இலிருந்து 3க்கு மாற்றினால் மீதி 56 வரும், குட்டு வெளிப்படும். சரி, அடி எண்ணை மாற்றி மாற்றிப் பார்த்தால் எப்போதும் பிடித்துவிடலாமா? முடியாது. கார்மைக்கேல் எண்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. அவற்றோடு பொதுக் காரணி இல்லாத எந்த அடியை வைத்தாலும் மீதி 1தான். முதலாவது 561. மூன்றாவது யார் தெரியுமா? நம் ராமானுஜனின் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729. இரண்டு மிகை முழு எண்களின் கனங்களைக் கூட்டி இரண்டு விதங்களில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் என்று அதைக் கொண்டாடுகிறோம். அதே எண், 7 × 13 × 19 என்ற பகு எண்ணாக இருந்துகொண்டே, ஃபெர்மா சோதனையில் பகா எண் வேடம் கட்டி நிற்கிறது. காரணம் எளிது: 1728ஐ 6, 12, 18 மூன்றும் மீதியின்றி வகுக்கின்றன, அதாவது ஒவ்வொரு காரணிக்கும் ஒன்று குறைவான எண். இப்படிப்பட்ட எண்கள் முடிவில்லாமல் இருக்கின்றன என்பது 1994இல் நிறுவப்பட்டது.

நியாயமாகச் சொன்னால், ஏமாற்றுக்காரர்கள் மிகக் குறைவு. 2500 கோடிக்குள் பகா எண்கள் 109 கோடிக்கு மேல். அந்த எல்லைக்குள் 2ஐ அடியாக வைத்த ஃபெர்மா சோதனையை ஏமாற்றும் பகு எண்கள் 21,853 மட்டுமே. கார்மைக்கேல் எண்கள் 2,163. குலுக்கி எடுத்த எண்ணை "தேறுமா தேறாதா" என்று சட்டெனப் பார்க்க இது போதும். முடிவான பதிலாக மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

நிரல் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய மறைந்த செலவு: பைத்தானில் முதலில் அடுக்கைக் கண்டுபிடித்து அப்புறம் மீதி எடுத்தால், நடுவில் உருவாகும் பூதாகரமான எண்ணில் கணினி உறைந்துபோகும். பவ் என்ற செயல்கூறுக்கு மூன்றாவது உள்ளீடாக வகுஎண்ணையும் கொடுத்தால் அந்தச் சிக்கலே வராது. சி++இல் வேறு சிக்கல். இரண்டு 64 பிட் எண்களைப் பெருக்கினால் விடை 64 பிட்டுக்குள் அடங்காது. 128 பிட் வகையில் பெருக்க வேண்டும். இதைக் கவனிக்காத நிரல் பிழைச் செய்தி எதுவும் காட்டாது, தவறான விடையை மட்டும் தரும்.

## மில்லர்–ராபின் சோதனை

பெரும்பாலானவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். கேரி மில்லர் 1976இல் வெளியிட்ட கருத்தை மைக்கேல் ராபின் 1980இல் தற்செயல் அடிகளைக் கொண்ட சோதனையாக்கினார். ஃபெர்மா சோதனையின் மேல் ஒரே ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்கிறது: மீதி 1 எப்படி வந்தது?

பகா எண்ணால் வகுக்கும்போது, ஒரு எண்ணின் வர்க்கம் மீதி 1 தந்தால், அந்த எண்ணின் மீதி 1ஆக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பகா எண்ணுக்கு ஒன்று குறைவாக இருக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. அப்படி ஒரு மூன்றாவது எண் அகப்பட்டால் அது பகு எண்.

1729ஐயே வைத்துப் பார்ப்போம். கால்குலேட்டர் இருந்தால் நீங்களும் கூடவே செய்யலாம். 1728 = 64 × 27. 64 என்பது 2ஐ ஆறு முறை பெருக்கியது. ஆகவே 2²⁷இல் தொடங்கி, தேவைப்பட்டால் ஆறு முறை வர்க்கப்படுத்தி, 2¹⁷²⁸ வரை போகலாம்.

2²⁷ஐ 1729ஆல் வகுத்தால் மீதி 645.
645இன் வர்க்கம் 4,16,025. மீதி 1065.
1065இன் வர்க்கம் 11,34,225. அது 1729 × 656ஐவிடச் சரியாக 1 அதிகம். மீதி 1.

நிறுத்துங்கள். 1065இன் வர்க்கம் மீதி 1 தருகிறது, ஆனால் 1065 என்பது 1ம் அல்ல, 1728ம் அல்ல. மாட்டிக்கொண்டது. பொதுக் காரணி இல்லாத எந்த அடியை வைத்தும் ஃபெர்மா சோதனை பிடிக்காத எண்ணை முதல் அடியிலேயே, இரண்டே வர்க்கங்களில் பிடித்துவிட்டோம். இன்னும் ஒன்று. 1065க்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை எடுங்கள். 1064க்கும் 1729க்கும் மீப்பெரு பொதுக் காரணி 133. 1066க்கும் 1729க்கும் 13. 133 × 13 = 1729. காரணியும் விழுந்துவிட்டது! எல்லாப் பகு எண்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது. ஃபெர்மா சோதனையைத் தாண்டிவிட்டு இந்தக் கூடுதல் கேள்வியில் அகப்படும் எண்களுக்கு மட்டும்தான்.

எவ்வளவு நம்பலாம்? எந்தப் பகு எண்ணாக இருந்தாலும், தற்செயலாக எடுத்த ஒரு அடியில் அது தப்பிக்கும் வாய்ப்பு நாலில் ஒன்றுக்கு மேல் போகாது. 20 அடிகளை வைத்தால் 1 லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழே. இது அதிகபட்ச எல்லை. குலுக்கி எடுத்த பெரிய எண்களில் உண்மையான வாய்ப்பு இதைவிட வெகுவாகக் குறைவு. ஆர்எஸ்ஏ என்ற குறியாக்க முறையின் சாவிக்கான, 300 இலக்கத்தைத் தாண்டும் பகா எண்களை இப்படித்தான் தேடுகிறார்கள். 1024 பிட் அளவில் சுமார் 355 ஒற்றைப்படை எண்களுக்கு ஒன்று பகா எண். குலுக்கு, சிறிய எண்களால் வகு, மில்லர்–ராபின் போடு, தேறவில்லையா, அடுத்ததை எடு.

சிறிய எண்களில் "அநேகமாக" என்ற சொல்லே தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி. 2500 கோடிக்குள் 2, 3, 5, 7 ஆகிய நான்கு அடிகளையும் ஏமாற்றும் பகு எண் ஒன்றே ஒன்றுதான்: நாம் தொடக்கத்தில் பார்த்த 3215031751. அதை மட்டும் தனியாக விலக்கிவிட்டால் அந்த எல்லைக்குள் நான்கு அடிகளே முழுச் சான்று. 64 பிட்டுக்குள் அடங்கும் எல்லா எண்களுக்கும் 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களை அடியாக வைத்தால் போதும் என்பதும் நிறுவப்பட்டதே. நிரல் போட்டிக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கலாம்.

ஆனால் இந்த நிலையான அடிப் பட்டியலைப் பெரிய எண்களுக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. 1995இல் பிரான்சுவா ஆர்னோ 397 இலக்கக் கார்மைக்கேல் எண் ஒன்றைக் கட்டிக் காட்டினார். 307க்குக் குறைவான எந்தப் பகா எண்ணை அடியாக வைத்தாலும் அது மில்லர்–ராபினைத் தாண்டிவிடும். உங்கள் நிரல் எந்த அடிகளை வைக்கும் என்று தெரிந்தவர், அந்த நிரலை ஏமாற்றுவதற்கென்றே ஒரு எண்ணைச் செய்து கொடுக்க முடியும் என்று அர்த்தம். வெளியாள் கொடுத்த எண் என்றால் அடிகளைத் தற்செயலாகத்தான் எடுக்க வேண்டும், யூகிக்க முடியாதபடி. ஐந்தாவது கேள்வியை வற்புறுத்தியது இதற்காகத்தான்.

இதன் உறவுக்காரர் ஒருவர் உண்டு: பெயிலி–பிஎஸ்டபிள்யூ. 2ஐ அடியாக வைத்த மில்லர்–ராபினோடு, லூக்கா வரிசை என்ற, ஃபிபோனாச்சி போன்ற எண் வரிசையை வைத்த இன்னொரு சோதனையையும் சேர்த்துச் செய்வது. 64 பிட்டுக்குள் இதை ஏமாற்றும் எண் எதுவும் இல்லை என்று சரிபார்த்திருக்கிறார்கள். அதற்கு மேலும் ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. பாரி-ஜிபி, சிம்பை போன்ற இலவச மென்பொருள்களுக்குள் இதுதான் ஓடுகிறது. அதனால் ஒரு எச்சரிக்கை: மென்பொருள் "பகா எண், ஆம்" என்று காட்டுவது சான்றா, "அநேகமாக"வா என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். சிம்பையில் 64 பிட்டைத் தாண்டினால் வருவது "அநேகமாக". பாரி-ஜிபியில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டளை இருக்கிறது.

## லூக்கா–லேமர் முதலிய தனி உருவச் சோதனைகள்

செய்தித்தாளில் "உலகின் மிகப் பெரிய பகா எண்" என்று வருவது பெரும்பாலும் மெர்சன் எண்ணாக இருப்பது தற்செயல் இல்லை. 2இன் அடுக்கிலிருந்து 1 குறைத்த இந்த எண்களுக்கு மட்டும் ஒரு மிக எளிய, முழு உறுதியான சோதனை இருக்கிறது. 4இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2ஐக் கழியுங்கள். மெர்சன் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கைவிட இரண்டு குறைவான முறை இதைச் செய்தபின் மீதி 0 என்றால் பகா எண், இல்லையென்றால் பகு எண். அடுக்கு மட்டும் ஒற்றைப்படைப் பகா எண்ணாக இருக்க வேண்டும். 2⁵ − 1 = 31க்குப் பார்ப்போம்: 4இலிருந்து 14; 14இலிருந்து 194, மீதி 8; 8இலிருந்து 62, மீதி 0. மூன்றே படி. முடிந்தது.

1876இல் எதுவார் லூக்கா, 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று கணினி இல்லாமலே நிறுவினார். அவர் முறையை 1930களில் டி. எச். லேமர் இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இன்று அறியப்பட்டவற்றில் மிகப் பெரியது, மெர்சன் பகா எண்களைத் தேடும் கிம்ப்ஸ் கூட்டுமுயற்சி 2024 அக்டோபரில் அறிவித்த, 2இன் 13,62,79,841ஆம் அடுக்கிலிருந்து 1 குறைத்த எண். 4,10,24,320 இலக்கம். அதை முதலில் பிடித்தது ஃபெர்மா வகைச் சோதனை. பகா எண் என்று உறுதிசெய்தது லூக்கா–லேமர். பெரிய வேலைகளில் ஒன்றை மற்றொன்றுக்குப் போட்டியாகப் பார்ப்பதில்லை. ஒன்றால் வடிகட்டி, மற்றொன்றால் முத்திரை குத்துகிறார்கள்.

மறைந்த செலவு: பகு எண் என்று வந்தால் காரணி பற்றி ஒரு சொல்கூட வராது. 2⁶⁷ − 1 பகு எண் என்பதும் 1876இல் லூக்கா காட்டியதுதான். காரணிகள் 193707721, 761838257287 என்று ஃபிராங்க் நெல்சன் கோல் கண்டுசொன்னது 1903இல். நடுவில் 27 ஆண்டு. இதைவிடக் கனமான உதாரணம் 2இன் 1,67,77,216ஆம் அடுக்கோடு 1 கூட்டிய எண், ஃபெர்மா எண் வரிசையில் 24ஆம் குறியெண் கொண்டது. 50 லட்சம் இலக்கத்துக்கு மேல். ஃபெர்மா எண்களுக்கென்றே உள்ள பெபின் சோதனை மூலம் 1999இல் அது பகு எண் என்று உறுதியாயிற்று. ஒரு காரணிகூட இன்னும் அகப்படவில்லை. பகு எண் என்று தெரியும், எதால் வகுபடும் என்று தெரியாது. மூன்றாவது கேள்வியை முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொன்னதன் பொருள் இதுதான்.

இன்னொரு செலவு, கோடிக்கணக்கான படிகளில் ஓரிடத்தில் நினைவகத்தின் ஒரு பிட் புரண்டாலும் கடைசி விடை குப்பை. அதனால் மறுசோதனை கட்டாயம். உங்கள் எண் 2இன் அடுக்கின் மடங்கோடு 1 கூட்டிய உருவத்தில் இருந்தால் புரோத் சோதனையைப் பாருங்கள். எந்த உருவமும் இல்லாத எண்ணுக்கு இந்தப் பகுதியில் எதுவுமே உதவாது.

## ஏகேஎஸ், நீள்வட்ட வளைவுச் சான்று

உருவமும் இல்லை, "அநேகமாக"வும் வேண்டாம், கையில் சான்று வேண்டும் என்றால் இரண்டு வழி.

2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், அப்போதுதான் பி.டெக். முடித்திருந்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் சேர்ந்து ஏகேஎஸ் முறையைத் தந்தார்கள். எந்த எண்ணுக்கும் பொருந்தும், தற்செயலை நம்பாது, நிறுவப்படாத எந்த ஊகத்தின் மேலும் நிற்காது, எண்ணின் நீளத்தைப் பொறுத்துப் பல்லுறுப்புக் கோவை அளவு நேரத்தில் (நீளம் கூடினாலும் நேரம் வெடித்துப் பெருகாமல்) முடியும். இந்த நான்கையும் ஒருசேரத் தந்த முதல் சோதனை அதுதான். 2006இல் கோட்பாட்டுக் கணினியியலுக்கான கோடெல் பரிசு பெற்றது. அந்த நிறுவல் நீளம் குறைந்தது, இளங்கலைக் கணிதம் படித்தவர் பொறுமையோடு உட்கார்ந்தால் புரிந்துகொள்ளலாம். எனக்கு மிகப் பிடித்த நிறுவல்களில் ஒன்று.

ஆனால் சோதிக்க எடுக்காதீர்கள். முன்னேற்றிய வடிவத்திலும் எண்ணின் நீளம் இரட்டித்தால் நேரம் சுமார் 64 மடங்காகிறது. மில்லர்–ராபினில் சாதாரணப் பெருக்கலோடு செய்தாலே 8 மடங்குதான். செயல்திட்டத்துக்கு ஏகேஎஸ்ஸை எடுத்தால், அதன் கணிதத்தை விளக்கும் திட்டமாக எடுங்கள். "வேகமான பகா எண் சோதனை" என்று தலைப்பு வைத்தால் ஓட்டிக் காட்டும் நாளில் கஷ்டம்.

நடைமுறையில் சான்று வேண்டுமென்றால் நீள்வட்ட வளைவு முறைதான். 1980களில் கோல்டுவாசர், கிலியன், ஆட்கின் போன்றோர் தொடங்கிவைத்தது. உங்கள் எண் பகா எண் என்பதை அதைவிடச் சிறிய ஓர் எண் பகா எண் என்பதோடு கட்டிப்போடும். அதை இன்னும் சிறியதோடு. இப்படிச் சங்கிலியாக இறங்கி, கையால் சரிபார்க்கும் அளவுக்கு வரும். அந்தச் சங்கிலியே சான்றிதழ். அதைத் தயாரிக்க நாள்கணக்கில் ஆனாலும், வேறொருவர் வேறொரு கணினியில் அதைவிடச் சீக்கிரம் சரிபார்த்துவிடலாம். 1 என்ற இலக்கத்தை 86,453 முறை வரிசையாக எழுதினால் வரும் எண், பல ஆண்டுகள் "அநேகமாகப் பகா எண்" என்ற நிலையிலேயே இருந்து, 2023இல் இந்த வழியில்தான் உறுதியானது. சில ஆயிரம் இலக்கம் வரை நல்ல கணினியில் நீங்களே செய்யலாம். எழுதுவது மிகக் கடினம், அதனால் ஏற்கெனவே எழுதிச் சோதித்த மென்பொருளைப் பயன்படுத்துங்கள்.

## ஒரே பார்வையில்

| சோதனை | "பகா எண்" என்றால் | காரணி தருமா | எங்கே சிறந்தது | எங்கே காலை வாரும் |
|---|---|---|---|---|
| வகுத்துப் பார்த்தல் | முழு உறுதி | தரும் | 12, 14 இலக்கம் வரை | 20 இலக்கத்துக்கு மேல் |
| சல்லடை | முழு உறுதி | குறித்துவைத்தால் தரும் | எல்லைக்குள் எல்லா எண்களும் | ஒரே ஒரு பெரிய எண் |
| ஃபெர்மா | அநேகமாக | தராது | முதல் வடிகட்டல் | 1729 போன்றவை |
| மில்லர்–ராபின் | 64 பிட் வரை உரிய அடிகளோடு முழு உறுதி, மேலே அநேகமாக | எப்போதாவது | பெரும்பாலான வேலைகள் | வெளியாள் தந்த எண்ணுக்கு நிலையான அடிகள் |
| லூக்கா–லேமர் | முழு உறுதி | தராது | மெர்சன் எண்கள் | வேறு எந்த எண்ணும் |
| ஏகேஎஸ் | முழு உறுதி | நம்பியிருக்க முடியாது | படித்துப் புரிந்துகொள்ள | ஓட்டிப் பார்க்க |
| நீள்வட்ட வளைவு | முழு உறுதி, சான்றிதழோடு | தராது | சில ஆயிரம் இலக்கம், சான்று தேவை | நேரமில்லாதபோது, கோடி இலக்கத்தில் |

சல்லடையா மில்லர்–ராபினா என்று தயங்கும் போட்டி மாணவர், எண்ணின் உச்ச எல்லையைப் பாருங்கள். 1 கோடி என்றால் சல்லடை. 10இன் 18ஆம் அடுக்கு என்று இருந்தால் 12 அடிகளோடு மில்லர்–ராபின், 128 பிட் பெருக்கல். நடுவில் 10இன் 12ஆம் அடுக்கு என்று இருந்து, கேள்விகளும் சில நூறுதான் என்றால், பகா எண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தலே போதும். பிழை வர வாய்ப்பு குறைவு.

குறியாக்கவியல் திட்டம் செய்பவர் தற்செயல் அடிகளோடு மில்லர்–ராபின் எடுங்கள், குறைந்தது 20 அடி, கூடவே பெயிலி–பிஎஸ்டபிள்யூ ஒரு முறை. குலுக்குவதற்குச் சாதாரணத் தற்செயல் எண் செயல்கூறைப் பயன்படுத்தாதீர்கள். பைத்தானில் சீக்ரெட்ஸ் என்ற தொகுதி அதற்காகவே இருக்கிறது. பகா எண் சரியாக இருந்தும் யூகிக்கக்கூடியதாக இருந்தால் சாவி உடைந்துவிடும்.

பகு எண் என்று தெரிந்துகொண்டு காரணிகளைத் தேடுகிறவருக்கு மேலே உள்ள பட்டியலில் அதிக உதவி இல்லை. 20 இலக்கம் வரை போலார்டின் ரோ முறை சட்டென முடித்துத் தரும். அதற்கு மேல் நீள்வட்ட வளைவுக் காரணிப்படுத்தல், இருபடிச் சல்லடை என்று வேறு கருவிகள். 250 இலக்க ஆர்எஸ்ஏ-250 எண்ணின் இரண்டு காரணிகளை 2020இல் கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கான கணினிக் கருக்கள் மாதக்கணக்கில் ஓட வேண்டியிருந்தது. அந்த எண் பகு எண் என்று சொல்ல மட்டும் என்றால், உங்கள் செல்பேசியில் ஓடும் மில்லர்–ராபினே ஒரு நொடிக்குள் சொல்லிவிடும்.

முடிவைக் குறித்துவைக்கும்போது எண்ணோடு, எந்தச் சோதனை, எந்த அடிகள், எத்தனை முறை என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும்போது, "பகா எண்" என்று நீங்கள் எழுதியது சான்றா, "அநேகமாக"வா என்று நினைவிருக்காது.